மூன்று முறை தேதி மாற்றிய டிக்கெட்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு மாதங்களுக்குப் பிறகே எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை.

இன்று காலை, தங்கள் கைப்பையில் இருந்தவை என்று தங்கள் மகன் ஆக்லாந்திலிருந்து ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை. நாம் ஜோடியாக வாங்கிய நீலக் கம்பளிக் கையுறை, ஒருமுறையும் அணியப்படாமல் இருந்தது. அதற்குள் மடித்து வைத்த ஒரு விமான டிக்கெட். நாந்திக்குத் திரும்பி வருவதற்கானது.

ஃபிஜியில் முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், நாந்தி விமான நிலையத்தை ஒட்டிய நமாகாவில் நாம் வேலை பார்த்த பயண அலுவலகத்தில் கூட்டம் வாசல்வரை நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர் தவுவாவிலிருந்து பக்கத்து வயல்காரர்கள்கூட வந்து, போவதற்கு மட்டும் டிக்கெட் கேட்டார்கள். தாங்கள் முகப்பில் அமர்ந்து எழுதிக் கொடுத்தீர்கள். ஆறாம் வகுப்போடு நின்று, தேநீர் போடச் சேர்ந்த நான், விமானக் கால அட்டவணையை யார் உதவியுமின்றிக் கற்றுத் தேர்ந்திருந்தேன். எல்லோரும் இந்தி பேசிய அந்த இடத்தில் தமிழ் நம் இருவருக்கு மட்டுமே சொந்தம். ஒரு மாலை தாங்கள் சொன்னீர்கள்: "எல்லாரும் போறதுக்கே டிக்கெட் வாங்குறாங்க. நாம ரெண்டு பேரும் போயிட்டு வர்றதுக்கு வாங்குவமாடி? பனியப் பாத்துட்டு வருவோம்."

எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்று மூன்று வாரம் ஆராய்ந்தேன். குயின்ஸ்டவுன் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஆனால் மேகம் இறங்கினால் விமானம் திரும்பிவிடும். கிறைஸ்ட்சர்ச் தொலைவு என்றாலும் நம்பகமானது. நாந்தியிலிருந்து வாரத்துக்கு ஒரு நேர் விமானம். மறுநாள் காலை மலைக்குப் பேருந்து. வலப்பக்க ஜன்னலில் அமர்ந்தால் வழியெல்லாம் சிகரங்கள். இவ்வளவையும் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். தாங்கள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

மகன் ஆக்லாந்தில் இருக்கும்போது அவன் வாசலை மிதிக்காமல் எப்படிப் போவது என்று கேட்டீர்கள். நாம் பார்க்கப் போவது மலையை என்று வாதாடினேன். "மல கோவிச்சுக்காதுடி. மருமவ கோவிச்சுக்குவா" என்றீர்கள். நம் மக்கள் விமான நிலையத்தை வரைபடம் பார்த்தா தேர்ந்தெடுக்கிறார்கள்? யார் வீட்டில் சோறு வடித்துக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தல்லவா? ஆக்லாந்தில் ஓர் இரவு, பிறகு கிறைஸ்ட்சர்ச் என்று என் திட்டத்தை உடைத்து ஒட்டினேன்.

ஃபிஜி இந்தியர் போனால் திரும்புவதில்லை என்று விசா கொடுப்போர் முடிவு கட்டியிருந்த காலம் அது. வேலைக்குத் திரும்பி வருவார் என்று தங்களுக்கு உறுதிக் கடிதம் தர நம் முதலாளியே தயங்கினார். மகன் அங்கிருக்கிறானே என்றார். இருவரும் திரும்புவோம், அதற்கு நான் பொறுப்பு என்று எழுதி, கீழே கையெழுத்திட்ட பிறகே தந்தார்.

ஆக்லாந்தில் இறங்கிய மறுநாள் காலை, தங்கள் மகன் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். மகன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். மருமகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தாங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ முன்னால போடி. நாளைக்கு நான் பிளேன் புடிச்சு வந்துடறேன்" என்றீர்கள், தவுவாவில் வீட்டெதிரே கைகாட்டி லௌதோக்கா பஸ்ஸை நிறுத்துவதுபோல. பேருந்தில் ஜன்னல் இருக்கை தங்களுடையது. அதைக் காலியாக விட்டு, அதைத் தாண்டித்தான் நான் பனியைப் பார்த்தேன். மறுநாளும் தாங்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

தனியே நாந்தியில் இறங்கினேன். அதன்பின் முதலாளி எவருக்கும் உறுதிக் கடிதம் தரவில்லை. நம்மோடு முகப்பில் இருந்த பெண், சிட்னியில் நடந்த தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. தங்குவதென்று நமாகாவிலேயே முடிவு செய்துதான் தாங்கள் ஆக்லாந்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன். தீபாவளிதோறும் வந்த தங்கள் வாழ்த்து அட்டைகளுக்கு இரண்டு வரிக்கு மேல் பதில் எழுதியதில்லை.

இப்போது இந்த டிக்கெட். பயணத் தேதி மாறினால் பழைய தேதியின் மேல் புதியதை எழுதி ஒட்டுவது நம் தொழில் வழக்கம். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள். நகத்தால் மெல்லப் பிரித்தேன். நான் திரும்பிய அடுத்த வாரம் ஒரு தேதி. பிறகு இரண்டு மாதம் கழித்து ஒன்று. கடைசித் தேதி, டிக்கெட் காலாவதியாவதற்கு முந்தின நாள். மூன்று முறை வரிசையில் நின்று, திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஆகவே என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். கோபத்தை அல்ல. அந்த மூன்று தேதியிலும் நான் நமாகாவில், நாந்தி விமான நிலையத்துக்கு ஐந்து நிமிடத் தொலைவில்தான் இருந்தேன், அக்கா. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டேனா?

மலைக்கு வழி கேட்பவர்களுக்கு இன்றும் அதையே சொல்கிறேன்: கிறைஸ்ட்சர்ச், காலைப் பேருந்து, வலப்பக்க ஜன்னல். சொந்தக்காரர் வீடு வழியில் இருந்தால், திரும்பும்போது போங்கள்.

அந்தக் கடைசித் தேதியில் தாங்கள் ஆக்லாந்து விமான நிலையம் வரை வந்தீர்களா? ஒரு வரி போதும். விரைவில் பதில் எழுதவும்.