குடியிருக்கும் வீட்டின் கதவில் "ஆளில்லை" என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
படகோட்டியின் மனைவி, தையல் தொழில்,
படகுத்துறைக்குப் பின்புறம், கடைசித் தெரு.

பெறுநர்:
மறுகுடியமர்வு அலுவலர் அவர்கள்,
தீவு நிர்வாக அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டுச் செய்தியாளர்களின் படத்தை நம்பித் துண்டித்த மின்இணைப்பைத் திரும்பத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பௌர்ணமியை ஒட்டிச் சில மாதங்களில் எங்கள் தெருவுக்குள் கடல் ஏறும். அப்போது தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, பிள்ளைகளுடன் மேட்டுத் தெருவிலுள்ள நாத்தனார் வீட்டுக்குப் போவோம். நீர் வடிந்ததும் திரும்புவோம். கடல் முன்னைவிட உள்ளே வருவதை நான் மறுக்கவில்லை. சேறு கழுவுகிறவள் நான்தானே.

2. சென்ற முறை கிளம்பும்போது வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இருவர் கேமராவுடன் வந்தனர். உடன்வந்த மொழிபெயர்ப்பாளர், "அக்கா, இன்னொரு தடவை பூட்டுங்க, திரும்பிப் பாக்காம நடங்க" என்றார். வந்தவர்கள் மனம் கோணக் கூடாதே என்று மறுபடி மறுபடி பூட்டினேன். "சினிமாவுல சேந்துட்டீங்களா அண்ணி?" என்று நாத்தனார்கூடக் கேலி செய்தாள். பிறகு டிவியில் காட்டிய படத்திலோ நாங்கள் தீவை விட்டே போய்விட்டோமாம்!

3. திரும்பி வந்தால், தீவை விட்டுப் போனவர்களின் வீடு என்று கணக்கிட்டுத் தங்கள் அலுவலக ஆட்கள் கதவில் "ஆளில்லை" என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தார்கள். மின்சாரம் இல்லை, மெஷின் ஓடவில்லை. கேட்கப்போனால் தங்கள் எழுத்தர், "அதான் டிவியிலயே போயிட்டீங்களேம்மா" என்கிறார். எதிரில் நிற்கிறவளை விட்டுவிட்டு டிவியில் நடந்தவளை நம்புகிறார்.

4. என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே மொழிபெயர்ப்பாளர் சென்ற வாரம் எங்கள் தெருவில் அளவு நாடா பிடித்தார். யாருக்காக என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார். பக்கத்து மனையில் தங்கும் விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். நான் குடியிருந்தால் மூழ்கும் மண், விடுதி கட்டினால் மட்டும் மிதக்குமா? செய்தியாளர்கள் அறிந்து செய்தார்களா, அறியாமல் செய்தார்களா, தெரியாது. நெருப்பில்லாமல் புகையாது என்பது மட்டும் தெரியும்.

5. ஆகவே தாங்களே நேரில் வந்து எங்களைப் பார்த்து, கதவின் எழுத்தை அழித்து, மின்இணைப்பைத் தர வேண்டுகிறேன். வரும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். ஆனால் பூட்டினால் வீடு போய்விடும் என்று பயந்து, இம்முறை என் கணவர் எங்கும் போக மறுக்கிறார். கட்டில்மேல் மெஷினுக்குப் பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வைக்கப் போகிறோம். அதற்குமுன் வாருங்கள் ஐயா.

நாள்: பௌர்ணமிக்கு முந்திய வெள்ளி
இடம்: "ஆளில்லை" என்று எழுதிய அதே வீடு

இங்ஙனம்,
உள்ளே இருப்பவள்
(கையொப்பம்)