கேட்காமல் எடுத்த உயிர்கள்

மார்ச் 4, திங்கள்

2080-ஆம் ஆண்டில் மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் வேண்டுமாம்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில், எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கணக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் உடனே "எனக்கு எப்போங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிரிப்பு உதட்டோடு சரி.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எதிர்காலம். அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு மின்னும் கண்களோடு திரும்பியிருக்கிறார். "மேடம், இனிமே பொறக்கிற குழந்தைங்க நூத்தி இருபது வயசு வரைக்கும் சர்வசாதாரணமா இருப்பாங்க. எதிர்காலம் அதுதான். நம்ம அட்டவணையில அது தெரியணும்." தெரியவைத்துவிடலாம். இந்த மாடியின் கழிப்பறைக் குழாய் போன மாதத்திலிருந்து ஒழுகுகிறது. அதை நிறுத்த மனித குலத்தால் இன்னும் முடியவில்லை. சாவை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

தம்பிக்கு இன்று டயாலிசிஸ். நான் போகவில்லை. வேலை இருந்தது. (வேலை என்றைக்கு இல்லாமல் இருந்திருக்கிறது?)

மார்ச் 9, சனி

இன்று போனேன். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர இயந்திரம், இரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. போன வருடம் இவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் சொல்லிவைத்தாற்போல் கைவிட்டதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை இப்படி. மற்ற நோயாளிகள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். நாற்பத்து நான்கு வயது என் தம்பி, குழாய் சொருகாத கையில் ஒரு சின்ன விளையாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா. நான் பத்தாம் வகுப்பு, அவன் ஆறாவது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி. கேசட்டை வாயால் ஊதி ஊதிச் சொருகினால்தான் படம் வரும். தொலைக்காட்சி வெடித்துவிடும் என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள். இரண்டு சிப்பாய்கள், ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு. ஓடி, குதித்து, சுட்டு, 2020-ஆம் ஆண்டின் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். 2020 என்றால் எங்களுக்கு அப்போது பறக்கும் கார், வெள்ளி உடுப்பு, இயந்திர அரக்கர்கள். பிறகு 2020 நிஜமாகவே வந்தது. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கை கழுவினோம்.

ஆளுக்கு மூன்று உயிர். தம்பி முன்னே பின்னே பார்க்காமல் ஓடுவான், மூன்றையும் முதல் பாலத்திலேயே தொலைப்பான். அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. உன் உயிர் தீர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி, கூட விளையாடுபவரின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. அவன் ஒரு நாளும் கேட்டதும் இல்லை. நான் பதுங்கிப் பதுங்கிச் சேர்த்ததெல்லாம் அவன் கணக்கில் போய்விடும். முதுகில் நான்கு சாத்து சாத்துவேன். அடுத்த ஆட்டத்திலும் எடுப்பான்.

கிளம்பும்போது தம்பி மனைவி வாசல்வரை வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடைய சிறுநீரகத்தை எடுத்து இவனுக்கு வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அம்மா இல்லை. ஆக மிச்சம் இருப்பது நான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று மதியம் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அட்டவணையில் தம்பியின் வயதைப் போட்டுப் பார்த்தேன். ஆண், நாற்பத்து நான்கு. இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றது. அப்பாடா. அவசரம் ஒன்றும் இல்லை. அதற்குள் விஞ்ஞானிகள் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்காலம் சும்மாவா இருக்கிறது?

நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

முகவர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். "என் வாடிக்கையாளருக்கு ஏங்க பாலிசி தரமாட்டேங்கறீங்க? நல்லாதானே நடமாடறாரு." ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சிறுநீரகக் கோளாறு. "இப்படிப்பட்டவங்கள நாங்க சேர்க்கறதில்ல சார். எங்க அட்டவணை ஆரோக்கியமா இருக்கறவங்கள வெச்சுப் போட்டது. இவங்க அதுல வரவே மாட்டாங்க." இருபது வருடமாகச் சொல்லும் பதில், வாய் தன்னால் சொன்னது.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் அட்டவணையில் இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவப் பரிசோதனையில் தேறி உள்ளே வந்தவர்கள். தம்பி மாதிரி ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அந்த எண்களைப் போடுகிறோம். அவர்களை வைத்து இவனுக்கு முப்பது வருடம் கணக்குப் போட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை யாராவது இப்படிச் செய்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். தெரியாமல் செய்தேனா? இல்லையென்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பிடித்த எண் அதில்தான் இருந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான அட்டவணையும் உண்டு. அதையும் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

நான் கொடுக்கிறேன் என்று சிறுநீரக டாக்டரிடம் பேசிவிட்டேன். எனக்கும் தம்பிக்கும் இரத்த வகை ஒன்றுதான். அடுத்த பரிசோதனைகளுக்கு வரச் சொன்னார்.

மார்ச் 23, சனி

வேண்டாம் என்கிறான்.

ஊரில் எல்லோருக்கும் சிறுநீரகம் கிடைக்கவில்லை என்று கவலை. என் தம்பிக்குக் கிடைக்கிறது, துரைக்கு வேண்டாமாம்.

"ஏன்டா?"

"வேணாம்க்கா, விடு."

"காரணம் சொல்லு."

கையிலிருந்த ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். அது எப்போதோ முடிந்திருந்தது. "சின்ன வயசுல உன்கிட்ட கேக்காமலே எடுத்துட்டேன். இப்ப எடுக்கவும் வரல, கேக்கவும் வரல. அதுல செத்தா மறுபடி மொதல்லேந்து ஆடலாம். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்றது?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பேனா, என் சைக்கிள், அப்பா எனக்கென்று வாங்கிவந்த கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கூசாமல் எடுத்தவனுக்கு இப்போதுதான் ஞானம் பிறக்க வேண்டுமா? சாகும்போதா நல்லவனாவான் ஒருத்தன்? மொதல்லயே ஆகியிருக்கக் கூடாதா, எருமை.

தம்பி மனைவி சாயங்காலம் போன் செய்தாள். "அண்ணி, நான் பேசிப் பேசி ஓய்ஞ்சுட்டேன். இனிமே நீங்களாச்சு உங்க தம்பியாச்சு."

மார்ச் 27, புதன்

கணவரிடம் சொன்னேன். அவர் எப்போதும்போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "கொடுக்காதன்னு சொல்லமாட்டேன். ஆனா ஆபரேஷன் டேபிள்ல உனக்கு ஏதாவது..." மிச்சத்தை மின்விசிறியிடமே விட்டுவிட்டார்.

கொடுப்பவர் இறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மிகமிகச் சிறிய எண். அலுவலகத்தில் அந்த அளவு எண் வந்தால் "புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்தப் புறக்கணிக்கத்தக்க ஆசாமி நானாக இருந்தால்? இத்தனை வருடத்தில் எத்தனை பேரை அந்த ஒரே சொல்லில் அனுப்பிவைத்திருக்கிறேன். அவர்களுக்கும் வீட்டில் மின்விசிறியைப் பார்க்கும் கணவர் இருந்திருப்பார்.

பயமாக இருக்கிறது. இதில் கிண்டல் ஒன்றும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

2080 அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். எதிர்காலத்துக்கு ஒரே மகிழ்ச்சி. "பாருங்க மேடம், மனுஷன் சாவை எப்படித் தள்ளிப் போட்டுட்டே போறான்." தள்ளிப்போடுவதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை சார். பன்னிரண்டாம் தேதி மதியம் தவறான அட்டவணையில் ஒரு பார்வை பார்த்தே முப்பது வருடம் தள்ளிப்போட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். உபதேசம் ஏதும் எடுத்துப் போகவில்லை. அவன் பழைய விளையாட்டுப் பெட்டிகளாக வாங்கிச் சேர்த்துவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, "போடுடா அதை" என்றேன். ஊதினான், சொருகினான். நான் நீலம், அவன் சிவப்பு. எனக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. முதல் பள்ளத்திலேயே ஒரு உயிர் போயிற்று. அவன் சிரித்தான். பிறகு வழக்கம்போலப் பாலத்தில் அவனும் செத்தான். மறுபடியும். மறுபடியும்.

உயிர் தீர்ந்துவிட்டது. சிவப்புச் சிப்பாய் இல்லை. எனக்கு இன்னும் ஒன்று மிச்சம். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எடுடா."

"நீ ஆடு, நான் பாக்கறேன்."

"பாக்கறதுக்கா நான் பஸ் புடிச்சு வந்தேன்? எடுடான்னா."

அசையவில்லை. நான் எட்டி அவன் மடியிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கி அந்தப் பொத்தானை அழுத்தினேன். சிவப்புச் சிப்பாய் வானத்திலிருந்து குதித்தான். இதில் மெய்மறந்து நான் என் பக்கத்தைக் கவனிக்கத் தவறியதால், அதே நொடியில் என் நீலச் சிப்பாயைப் பீரங்கி காலி செய்தது. அடுத்ததாக, பிடிக்க ஆள் இல்லாத சிவப்பும் பள்ளத்தில் விழுந்தான். ஆட்டம் முடிந்தது. மனித குலம் அழிந்தது. என் தியாகத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

அவன் சிரித்தான் பாருங்கள் — கண்ணில் தண்ணீர் வரும்வரை, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. தம்பி மனைவி பயந்துபோய் ஓடிவந்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை, அவன் முகத்தைத் திருப்பாமலே கேட்டான்: "என்னென்ன டெஸ்ட்டு எடுக்கணுமாம்?"

ஏப்ரல் 16, செவ்வாய்

என் உடம்பில் எடுக்கக்கூடிய திரவம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியாததைப் படம் பிடித்துவிட்டார்கள்.

மே 3, வெள்ளி

பொருந்துகிறது. இடதை எடுப்பார்களாம்.

மே 22, புதன்

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழு முன்னால் நின்றேன். மூன்று பேர், ஒரு நீள மேசை, மூடிவைத்த தண்ணீர்க் குவளைகள். நடுவில் இருந்த அம்மாள் கனிவாகக் கேட்டார். "உங்கள யாராவது வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"ஆமாங்க. என் தம்பி வற்புறுத்தினான். கொடுக்கக் கூடாதுன்னு."

ஓரத்தில் இருந்தவர் அதை எழுதவா வேண்டாமா என்று திணறினார்.

ஜூன் 12, புதன்

நாளைக் காலை அறுவை. பக்கத்து அறையில் தம்பி. கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த அறையில் மின்விசிறி இல்லாததால் என்னைப் பார்க்கிறார்.

சாகமாட்டேன் என்று எண்கள் சொல்கின்றன. எண்களை நான் நம்புகிறேன், அவை என் சோறு. ஆனாலும் மதியம் அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான் — அப்ப எனக்குத் தோணினதெல்லாம், கடவுளே, ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுடு. உலகம் என்னவோ ஆகட்டும். 2080 எப்படியோ போகட்டும்.

ஜூன் 15, சனி

நான் இருக்கிறேன். இருமினால் இடப்பக்கம் கிழிகிறது. ஆனால் இருக்கிறேன்.

அறுவை நல்லபடி நடந்தது. ஆனால் சிறுநீரகம் அவன் உடம்பில் வேலையைத் தொடங்கவில்லை. "சில சமயம் இப்படித் தூங்கும். அதுவா முழிக்கும். அதுவரைக்கும் டயாலிசிஸ் போட்டுக்கலாம்" என்கிறார் டாக்டர். நாற்பத்தெட்டு வருடம் எனக்கு ஒரு நாள் விடுப்பு கேட்காமல் உழைத்தது, அவனிடம் போனதும் சோம்பேறியாகிவிட்டது. சேர்க்கை சரியில்லை.

"முழிக்கலன்னா?" என்று கேட்டேன். அவர் வானிலையைப் பற்றிப் பேசினார்.

ஜூன் 17, திங்கள்

தூங்குகிறது.

ஜூன் 18, செவ்வாய்

இன்றும். தம்பி மனைவி என் கண்ணைப் பார்க்காமல் தலை வாரிவிடுகிறாள்.

ஜூன் 20, வியாழன்

காலையில் நடைபயிற்சி என்ற பெயரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் ஊர்ந்துகொண்டிருந்தேன். தம்பி மனைவி செருப்பு இல்லாமல் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் யாராவது அப்படி ஓடிவந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணி, வந்துடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணுக்கு அண்ணி. அவருக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு."

டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் அவனுக்கு அது வற்றியே போயிருந்தது. தனியறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்குகிறது, அதில் மஞ்சளாகச் சொட்டுகிறது. அதைச் சுற்றி டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்து தம்பி விரலை நீட்டிப் பையைக் காட்டினான், பார்த்தியா என்பதுபோல. பார்த்தேன்டா. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க அழுதேன்.

நர்ஸ் குனிந்து அளவைப் பார்த்து எழுதினார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.