சாட்சிக் கோடு

பிப்ரவரி 10, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று. விகாராபாத் வரை ரயில், பிறகு ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர்.

கொண்டுவந்தவை, சரிபார்த்தது: இரத்த அழுத்த மாத்திரை (புதுப் பட்டை, பத்து). டார்ச். கண்ணாடி இரண்டு. 2H பென்சில், சின்ன ஸ்கேல். சரோஜாவின் (இனி ச.) தைலம். செல்போன், சார்ஜர்.

மகன் ரவியின் மேலதிகாரியுடைய பண்ணை வீடு. ஹைடெக் சிட்டிக்காரர்கள் எல்லோரும் இப்போது ஆளுக்கொரு மாந்தோப்பு வாங்குகிறார்கள். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு ரவியின் ஏற்பாடு. "நாப்பது வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயாச்சும் போயிருக்கீங்களாப்பா?" போனதில்லை. மல்காஜ்கிரி வீட்டை விட்டு வர எனக்குத் தயக்கம். ச.வுக்கு ஆசை. வந்தோம்.

இரண்டு அறை, சமையலறை. பின்னால் கிணறு, சுற்றுச் சுவர் முழங்கால் உயரம்தான். பக்கத்தில் மோட்டார் அறை. வாட்ச்மேன் யாதையா, வாசல் குடிசையில் தனியாக. பத்து வருடம் மெட்ராஸில் கட்டட வேலை செய்தவன், தமிழ் பேசுகிறான்.

மாலை கண்ணாடிக் கூட்டைக் காணோம். அரை மணி தேடல். அரிசி டப்பாவுக்குள் இருந்தது. ச. விழுந்து விழுந்து சிரித்தாள். "அரிசியப் படிக்கப் போனீங்களா?"

நான் வைத்த நினைவு இல்லை. வைத்திருக்கலாம். எழுபத்தொன்று.

பிப்ரவரி 11, சனி

இளம் குளிர். மாமரங்களில் பூ.

8.00: இட்லி, மாத்திரை.
8.45: ச. தம்ளரும் மாத்திரையுமாக வந்து நின்றாள்.

"போட்டாச்சே."

"எங்க போட்டீங்க? இப்பத்தான் பட்டையப் பிரிக்கிறேன். வாயத் தொறங்க."

அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள். விழுங்கினேன்.

10.30: கிணற்றடியில் தலை சுற்றியது. கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. யாதையா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "பைட்டோ சார், பைட்டோ! உள்ள போயிருப்பீங்க."

பிறகு பட்டையை எண்ணினேன். பத்தில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். இரண்டு குறைகிறது. எண்ணியதும் நான்தானே என்று மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

மதியம் ச. சொல்லி மோட்டாரைப் பார்க்கப் போனேன். ஏதோ சத்தம் வருகிறதாம். உள்ளே நிற்கும்போதே கதவு சாத்தியது, வெளியே தாழ் விழுந்தது. தட்டினேன், கத்தினேன். நாற்பது நிமிடம். காற்று இல்லை. யாதையாதான் திறந்தான். "நான் போடலை சார், புள்ளைங்க மேல சத்தியம்." ச. மாமர நிழலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "அங்க என்னங்க பண்றீங்க இவ்ளோ நேரமா?"

யாதையா மேல் சந்தேகம் என்று எழுதினேன். காரணம் தோன்றவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

4.30: ச. ரவியோடு போனில். சன்னலுக்கு இந்தப் பக்கம் நான். ஒட்டுக்கேட்கவில்லை, நகரவும் இல்லை.

"அப்பா முன்ன மாதிரி இல்லடா. கண்ணாடிய அரிசில போடுறாரு. மாத்திரைய ரெண்டு தடவ முழுங்குறாரு. மோட்டார் ரூமுக்குள்ள போய் நிக்கிறாரு... நரம்பு டாக்டரா? புதன்கிழமையா? ம்... வந்துடறோம். மல்காஜ்கிரி வீட்டப் பூட்டிட்டு குகட்பள்ளிக்கு உன்கிட்டயே வந்துடறோம்."

இரண்டாவது மாத்திரையைக் கொடுத்தது யார்? மோட்டார் அறைக்கு அனுப்பியது யார்?

நாற்பது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். இதை எழுதவே கை கூசுகிறது. வேண்டுமென்றே செய்கிறாளா?

அல்லது எனக்குத்தான் மூளை போய்விட்டதா. எது தேவலை என்று யோசித்தேன். இரண்டும் வேண்டாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

6.00: சமையலறையில் கேஸ் வாடை. அடுப்பின் இடது குமிழ் முழுக்கத் திறந்திருந்தது, தீ இல்லை. சிலிண்டரை மூடினேன், சன்னல்களைத் திறந்தேன்.

"நீங்கதானே காப்பி போடுறேன்னு எந்திரிச்சீங்க?"

நான் காப்பி போடவில்லை. பாத்திரம் காய்ந்திருந்தது. ஆனால் அவள் சொல்லும்போது, எழுந்தேனோ என்று தோன்றத்தான் செய்கிறது. இதுதான் என் கோளாறு. யார் உரக்கச் சொன்னாலும் நம்பிவிடுவேன்.

ஒன்றில் மட்டும் அப்படி இருந்ததில்லை. ரயில்வே பணிமனையில் முப்பத்தொரு வருடம் பரிசோதனைப் பிரிவு. அங்கே ஃபோர்மேன் கத்தினாலும் அளவு அளவுதான். ஆகவே முறைப்படி.

செய்திருக்கக் கூடியவர்கள்: நான். யாதையா. ச. (என்னை முதலில் எழுதுவதுதான் நியாயம்.)

நட்டை முறுக்கியபின் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்துவிடுவோம். சாட்சிக் கோடு. மறுநாள் கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை. முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் 2H பென்சிலால் கோடு போட்டேன்: அடுப்புக் குமிழ்கள் இரண்டு, மாத்திரைப் பட்டை இருக்கும் டப்பாவின் மூடி. சிலிண்டரை மூடியே வைத்தேன். மாத்திரை மீதி ஏழு.

2.00 முதல் 3.00 வரை வாசலில் யாதையாவின் கயிற்றுக் கட்டிலில். "ஒரு மணி நேரம் என்னை விட்டு நகரக் கூடாது. நான் எழுந்து போனால் பிடித்து உட்கார வை."

"என்னா சார், உங்களுக்கு நீங்களே வாட்ச்மேனா?"

"ஆமாம்."

"ஹவ் சார், ஆவட்டும். சம்பளம் யாரு குடுப்பா?" சிரித்தான். நகரவில்லை. நானும் நகரவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சி.

3.05: இடது குமிழின் கோடு கால் வட்டம் முறிந்திருந்தது. குமிழ் திறந்தபடி. மேலே பாத்திரத்தில் பச்சைப் பால். தரையில் எரிந்த தீக்குச்சிகள் ஐந்து. டப்பா மூடியின் கோடும் முறிந்திருந்தது. மாத்திரை ஆறு.

நான் இல்லை. யாதையா இல்லை.

நான் இல்லை! வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்: அந்த அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டேன். புத்தி சரியாக இருக்கிறது. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடத்தில் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை. குற்றம் சாட்டத் தயாராகத்தான் அறைக்குள் போனேன்.

ச. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தூங்கி எழுந்த முகம்.

"பால் காய்ச்சினாயா?"

"நானா? இப்பத்தான் கண்ணே முழிக்கிறேன்."

பொய் சொல்லும்போது அவள் முகம் எனக்குத் தெரியும். நாற்பது வருடத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். இது அந்த முகம் இல்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். முடிச்சு அவிழ்ந்து என் மாத்திரை தரையில் உருண்டது.

இருவரும் அதையே பார்த்தோம்.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?" என்றாள். சாயங்காலம் வரை சன்னலோரம்.

என் சந்தோஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

மூட்டம். காற்று இல்லை. நான் எப்படி ஆரம்பிப்பதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கையில், கீரை ஆய்ந்தபடி அவளே:

"நேத்து அந்த மாத்திரை. நான்தானே?"

"ஆமாம்."

தீபாவளிக்கு முன்பிருந்தே இந்த மறதி இருக்கிறதாம். ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் வரை வந்து, எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் மூன்று வண்டி போகும்வரை நின்றிருக்கிறாள். கேட்டவர்களிடம் மகனுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னாளாம். முருங்கைக்காய் விலை உட்பட எல்லாம் என்னிடம் சொல்பவள், இதைச் சொல்லவில்லை.

"கண்ணாடிக் கூட்ட நான்தான் அரிசில போட்டிருக்கேன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. அதான் சிரிச்சேன். உங்க மேல போட்டுட்டா கொஞ்ச நாள் தள்ளலாம்னு. நீங்கதான் எது சொன்னாலும் ஒத்துக்குவீங்களே."

"மற்றதெல்லாம்?"

"மாத்திரை, அடுப்பு, மோட்டார் ரூம், அதெல்லாம் நெசமாவே நீங்கதான்னு நெனச்சேங்க. கதவு தெறந்து கெடந்துச்சு, தாழ்ப்பா போட்டேன். உங்கள அனுப்புனதே..." கீரையைக் கீழே வைத்தாள். "கேஸ எரிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் போயிருப்போம்ல?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவள் கைவிரலில் கீரை மண். அதைத் துடைத்துவிட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அடுப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். வெகுநேரம்.

"அடப்பாவி மனுஷா. கடைசில என்னையும் நட்டு போல்ட்டு ஆக்கிட்டீங்களே."

சிரித்துவிட்டோம். பிறகு அழுதாள். பிறகு சாம்பாருக்குப் புளி ஊற வைத்தாயா என்று நான் கேட்க, ஊற வைத்திருந்தாள்.

"ரவிகிட்ட சொல்லிடுவீங்களா?"

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு "உன் இஷ்டம்" என்பேன். இன்று யோசிக்காமல் பதில் வந்தது. புதன்கிழமை எனக்கு வாங்கிய நேரத்தில் டாக்டர் முன் நீ உட்கார், பெயரை நான் மாற்றிவிடுகிறேன். நான் பக்கத்தில் இருப்பேன். டாக்டர் சொன்னபின் ரவியிடம் நானே சொல்கிறேன், நீ எதிரே இருக்கும்போது. அதுவரை மறதிக்காரன் நானாகவே இருக்கிறேன். வீட்டை இப்போது பூட்டப் போவதில்லை.

"உங்களுக்கு இவ்ளோ பேச வருமா?" என்றாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பகல் வண்டியில் திரும்பினோம். மௌலாலி மலை தெரிந்ததும் ச. கையை நீட்டி, "அதுக்கு இந்தப் பக்கம் நம்ம வீடு" என்றாள். எனக்குச் சொன்னதுபோல.

யாதையா இரண்டு கிலோ பட்டாணி கொடுத்தனுப்பினான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மாலை ரவி போனில். "இப்ப எப்படிப்பா இருக்கு?" "பரவாயில்லை. மறதி கொஞ்சம்." ச. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேலும் பென்சிலுமாகச் சமையலறைக்குப் போனேன். அடுப்புக் குமிழ் இரண்டிலும் ஏற்கெனவே கோடு. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து விரலால் இழுத்தது. கோணல், தடிமன் அதிகம். பணிமனையில் நிராகரித்திருப்பேன்.

பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, புதன்

வெயில். டாக்டர் 10.30. எடுத்துவைத்தவை: பழைய ரிப்போர்ட், தண்ணீர், ச.வின் சால்வை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பெயரை மாற்றியாயிற்று. குரல் நடுங்கவில்லை.

அடுப்பு பார்த்தேன். கோடுகள் முறியவில்லை.

8.50: கிளம்பும் அவசரம். மாத்திரை நினைவு வந்து பட்டையை எடுத்தேன். எண்ணவில்லை, இன்று மட்டும். பிரித்த மாத்திரையை வாயருகே கொண்டுபோனபோது விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். காலியான குழிக்குப் பக்கத்தில் குங்குமத்தில் ஒரு எழுத்து: பு. புதன்.

எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டாள். போட்டிருக்கிறேன். நான்தான் மறந்திருக்கிறேன்.

மாத்திரையை டப்பாவில் போட்டு மூடியாயிற்று. ஆட்டோ வந்துவிட்டது. வாசலில் நின்று கூப்பிடுகிறாள், "என்னங்க, அடுப்ப இன்னொரு தடவ பார்த்துட்டு வாங்க, நான் பூட்ட இழுத்துப் பாக்குறேன்."