டெஸ்ஸாவின் பாடக் கூடை

ஹான்காக், மிச்சிகன்
புதன்கிழமை காலை

என் அன்பு டெஸ்ஸாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், பனி முழங்கால் வரை ஏறிவிட்டது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று யாராவது வந்து சொன்னால் என் வயிறு குளிரும். அப்பா சித்தப்பாவோடு மான் வேட்டைக்குக் காட்டுக் குடிசைக்குப் போயிருக்கிறார், நான் கறி அடைத்துச் சுட்டு வைத்த பாஸ்டி அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார், மனைவிக்கு ஒன்று வைப்போம் என்ற நினைப்பே இல்லை. ஊரில் ஆண்களெல்லாம் காட்டில் இருப்பதால் பெண்களுக்கு விடுதலை, முடி திருத்திக்கொள்ள நம் பார்லரில் ஒரே கூட்டம். போனை எடுக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வேன், நீ 'சரிம்மா' என்பாய், உடனே நான் இன்னொன்று சொல்வேன். அந்த 'சரிம்மா'வைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தலைக்கு மேல் போகிறது, முதலாண்டு கெமிஸ்ட்ரியை ஆரம்பத்திலிருந்து படிக்கட்டுமா என்று எவ்வளவு தயங்கிக் கேட்டாய். உன் ஆலோசகரிடம் கேட்டாயாம், பள்ளியிலேயே கல்லூரிப் பாடத்துக்கு எழுதிய ஏ.பி. தேர்வுக்குக் கிடைத்த அந்தக் கிரெடிட்டை விட்டுவிட்டால் படிக்கலாம் என்றாராம், கல்லூரிக் கணக்கில் நீ மறுபடி முதலாண்டுக்காரி ஆவாய், அடுத்த தடவை மற்றவர்களுக்கு முன்னால் பாடம் பதிய முடியாது, அவ்வளவுதான் என்றாராம். நான் என்ன சொன்னேன்? "அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினதைத் தூக்கி எறியுறேங்கிறியா? உனக்கென்ன பைத்தியமா டீ?" என்று கத்தினேன். நீயோ, "சரிம்மா, பாடத்தை நீயே எடுத்து வச்சுடு. எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றாய். டெஸ்ஸா, ரொட்டியில் வெண்ணெய் எவ்வளவு தடவுவது என்பதற்குக்கூட என்னோடு மல்லுக்கு நின்ற பெண் நீ.

இந்தக் கோடையில் நீ சரியாகத்தான் சொன்னாய். "மார்க் வந்துச்சுங்கறதுக்காக எனக்குத் தெரியும்னு அர்த்தமில்லம்மா, கெமிஸ்ட்ரி சார் கடைசியில பாடத்த ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாரு" என்றாய். எனக்கு அது தெரியாதா? தேர்வு நாடு முழுக்க மே மாதம் ஒரே நாளில். தெற்கே ஆகஸ்டிலேயே பள்ளி திறந்துவிடுகிறார்கள், நம் ஊரில் செப்டம்பரில்தான், அதற்குமேல் பனி விடுமுறை வேறு, பாடம் முடிக்க நாள் ஏது? விடுமுறை அறிவிக்கும் ஒவ்வொரு காலையிலும் நீ போர்வைக்குள் இருந்தே, "இன்னிக்கும் லேப் போச்சு" என்று புலம்புவாய், நான் சிரித்துக்கொண்டே ஏலக்காய் ரொட்டி சுட்டுத் தருவேன். கேள்விக்குப் பதில் எழுத அந்த மனிதர் உங்களைப் பழக்கினார், நீயும் ஐந்துக்கு நாலு வாங்கிவிட்டாய். அந்த நாலு என் கண்ணை மறைத்துவிட்டது. மற்ற தேர்வுகளோடு சேர்த்துக் கிரெடிட் வந்து விழுந்ததில் கல்லூரி உன்னை எடுத்த எடுப்பில் இரண்டாமாண்டு மாணவி என்று போட்டுவிட்டது, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே உனக்குப் பதிவு திறக்கும் என்றதும் பார்லரில் தலை கொடுத்த ஒருத்தியைக்கூட நான் விடவில்லை, எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். நம் பார்லருக்கு வருகிற பெகி லிண்ட்க்விஸ்டின் மகன் ஒரு கிரெடிட்டும் இல்லாமல் கல்லூரிக்குப் போய், கடைசியில் பதிந்து, மிச்சம் மீதி கிடந்த காலை எட்டு மணி வகுப்புகளில் மாட்டியபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும்.

உன் அறைத்தோழி பிரியானாவோடு முதலாண்டு கெமிஸ்ட்ரியில் ஒரே வகுப்பில் உட்கார ஆசைப்பட்டாய், நான்தான் மேசையைத் தட்டி, "ரெண்டாம் கிளாஸ் போனவ மறுபடி ஒண்ணாம் கிளாஸ்ல உட்காருவாளா?" என்றேன். அப்பா அன்றைக்கே, "விடு லோர்னா, அவ படிக்கப் போறா, பந்தயத்துக்கா போறா?" என்றார். "நீங்க மானைப் பாருங்க, மகளை நான் பார்த்துக்கறேன்" என்று அவர் வாயை அடைத்தேன். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். உன் வயதுப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து படிக்கும் இடத்தில் நீ இல்லை, வயதில் மூத்தவர்கள் நடுவில் வாய் திறந்து சந்தேகம் கேட்கக் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறாய். பாவி, நான்தான் உன்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளினேன்.

இன்னும் கேள். நேற்று பார்லர் கம்ப்யூட்டரில், நீ கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு உன் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தேன். பதிவு திங்கட்கிழமைதான் என்றாலும் பாடங்களை இப்போதே அந்தப் பக்கத்தில் இருக்கும் கூடையில் போட்டு வைக்கலாமே, ஆர்கானிக்கின் அடுத்த பாகத்தைப் போட்டேன், கணக்கைப் போட்டேன், சுறுசுறுப்பாகத்தான் போட்டேன். தலையில் முடி சுருட்டும் கர்லரோடு உட்கார்ந்திருந்த பெகி, "என்ன பண்றே?" என்றாள். "டெஸ்ஸாவுக்குக் கிளாஸ் எடுக்கறேன்" என்றேன். "ஓ, அப்ப பரீட்சைக்கும் நீதான் போறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்னறைக்குப் போய்த் துண்டு மடிக்கிற சாக்கில் அழுதேன். கெமிஸ்ட்ரி என்றால் உயிரை விடுகிற பெண், இன்னொரு பருவம் இப்படிப் போனால், தனக்கு அது வராது என்று முடிவுகட்டி அதையே விட்டுவிடுவாள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து கூடையைக் காலி செய்தேன்.

முதலாண்டு கெமிஸ்ட்ரி வேண்டுமா, எடு. கிரெடிட் போகிறதா, போகட்டும். பதிவில் முன்வரிசை பறிபோனால் பெகி மகன் மாதிரி எட்டு மணி வகுப்புக்கு எழுந்திரு. அதெல்லாம் வேண்டாம், ஆர்கானிக்கோடே மோதிப் பார்க்கிறேன் என்கிறாயா, அதுவும் சரி. எது என்று இந்த முறை எனக்குத் தெரியவில்லை கண்ணு, தெரிந்த மாதிரி நடித்தது போதும். என்மேல் கோபம் இருந்தால் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். 'எதுன்னாலும் ஒண்ணுதான்' என்று மட்டும் சொல்லாதே.

பார்சலில் ரொட்டி இருக்கிறது, பிரியானாவுக்கும் கொடு. கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், உனக்கு நல்ல தூக்கமும் நல்ல தைரியமும் தரட்டும். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே: கடிதம் கிடைத்ததும் கல்லூரிப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிடு. திங்கட்கிழமை காலையில் என்னை நானே நம்பத் தயாராக இல்லை. புது பாஸ்வேர்ட் என்ன என்று எப்படியும் போன் பண்ணிக் கேட்பேன், அழுதுகூடக் கேட்பேன். சொல்லாதே.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா
லோர்னா ஹார்யு