அம்மிக்கு இடம் ஒதுக்கிய அத்தானுக்கு

அத்தான்,

நேற்று என் மகள் ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்தாள். கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான். பெட்டியின் பிடியில் மாட்டித் தூக்கினால் எத்தனை கிலோ என்று காட்டுகிறது. குளிர்கால விடுமுறைக்கு அவளும் தோழிகளும் எங்கேயாவது வெயில் எறிக்கிற, காசு பிடுங்காத நாட்டுக்குப் போகப் போகிறார்களாம். இரண்டு நாளாகக் கணினிக்கு முன்னால் இருந்து விலை பார்த்துவிட்டு, "அம்மா, இருக்கிறதுக்குள்ள ஸ்ரீலங்காதான் மலிவு" என்றாள். நாங்கள் விட்டால் போதும் என்று ஓடி வந்த இடம், இவளுக்கு மலிவு விலையில் கிடைக்கிறது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு அந்தத் தராசைத் தூக்கிப் பார்த்தேன். உங்கள் முகம் வந்து நின்றது. சிரிப்புப் போய்விட்டது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அக்காவின் புருசனுடைய செத்த வீட்டுக்குக்கூட வராத மச்சாள் என்று ஊர் சொல்லியிருக்கும். சொல்லட்டும். என் கல்யாணத்துக்கு நீங்களும்தானே வரவில்லை.

அந்தக் கல்யாணத்தை எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது. சண்டை உச்சத்தில் இருந்த காலம். மாப்பிள்ளை சுவிஸில் அகதிப் பத்திரத்தோடு இருந்தார். அந்தப் பத்திரத்தில் உலகம் முழுக்கப் போகலாம், எங்கள் நாட்டுக்கு மட்டும் வர முடியாது. நானும் அம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், உங்கள் வீட்டின் முன் அறையில் இருந்தோம். பொம்பிளை இங்கே, மாப்பிள்ளை அங்கே, கல்யாணம் மூன்றாவது ஒரு நாட்டில் என்பது அப்போது எங்கள் ஆட்களுக்குப் பழகிப் போன விசயம். எந்த நாடு என்பதுதான் கேள்வி.

துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற கணக்கு எழுதி எழுதியே தலை நரைத்த மனிதர் நீங்கள். ஒருநாளும் கப்பலில் ஏறியதில்லை, விமானத்தைக் கிட்டப் பார்த்ததும் இல்லை. ஆனால் உலக நாடுகளைப் பற்றி உங்களைப் போல நிச்சயமாகக் கதைத்தவர் யாரும் இல்லை.

"சிங்கப்பூரில தண்ணி குடிச்சாலும் காசு" என்று அதை முதல் நாளே தள்ளினீர்கள். இந்தியாவில் அவருடைய பத்திரத்துக்கு விசா இழுபடும் என்றீர்கள். "வெயில் வேணும், மாமிக்கு மூட்டு வருத்தம். மலிவு வேணும். அய்யர் வேணும். ரெண்டு பக்கத்துக்கும் விசா வேணும்" என்று, நீங்கள் மாமி என்று கூப்பிடுகிற என் அம்மாவுக்கு முன்னால் விரல் மடித்துச் சொல்லிவிட்டு, மலேசியா என்று தீர்ப்பு வழங்கினீர்கள். அதோடு நிற்காமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மாப்பிள்ளையின் விசாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தினீர்கள். "பிள்ளையார் எங்கட ஆள், சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு விசயத்தை இவரிட்டக் குடுக்கிறதுதான் நல்லது" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

விமானச் சீட்டு, கிடைத்ததிலேயே மலிவானதாகப் பார்த்து எடுத்தீர்கள். திரும்பி வரும் நாளை மாற்ற முடியாது. அந்த இடைவெளிக்குள் ஒரே ஒரு நல்ல முகூர்த்தம். அதற்குள் மாப்பிள்ளை வந்து இறங்காவிட்டால், கல்யாணம் கட்டப் போன பெட்டை வெறுங்கழுத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டியதுதான். அம்மா அதை நினைத்தே சாப்பாட்டை விட்டார். உங்களிடம் கேட்டால், "மாப்பிள்ளை அவையின்ர பக்கத்துச் சரக்கு. என்ர பொறுப்பு எங்கட பக்கம்" என்பீர்கள். "ஏத்தினது கணக்கில்லை பிள்ளை, இறங்கினதுதான் கணக்கு" என்று வேறு சொல்லிப் பயத்தைக் கூட்டுவீர்கள்.

அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களும் அக்காவும். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நீங்களோ என்னோடும் அம்மாவோடும், அம்மாவின் கூடப்பிறந்த மாமாவையும் அவர் மனைவி மாமியையும் அனுப்புவது என்று முடிவு கட்டினீர்கள். நீங்களும் அக்காவும் போனால் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுக்குக் கட்டாது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "மாமா வேட்டிதான் கட்டுவார், மாமிக்கு ரெண்டு சீலை காணும். பிளேன்ல அவையின்ர கிலோ மிச்சம் வரும்" என்று காரணம் சொன்னீர்கள். மாமா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த மிச்சக் கிலோ எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. அம்மி மிதிக்க வேண்டுமே! மலேசியாவில் எல்லாரும் கிரைண்டருக்கு மாறியிருப்பார்கள், யாராவது வைத்திருந்தாலும் வெளிநாட்டுக்காரரென்று கண்டு இரட்டை வாடகை கேட்பார்கள் என்பது உங்கள் கணக்கு. அக்காவின் குசினியில் இருந்த அம்மியைக் கழுவி, மஞ்சள் பூசி, சாக்கில் சுற்றி, துறைமுகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த தொங்கு தராசில் மாட்டினீர்கள். ஒரு ஆளுக்கு உரிய எடையில் பாதியை அது ஒன்றே தின்றுவிட்டது. அக்கா, "சம்பலுக்கு இனி நான் எங்க போறது?" என்று கத்தியது உங்கள் காதில் ஏறவில்லை.

எடை கூடிவிட்டது. அம்மியைக் குறைக்க உங்களுக்கு மனம் வரவில்லை, ஆட்களின் பாரத்தைக் கூட்டினீர்கள். "உடம்பில கிடக்கிறதை ஆரும் நிறுக்க மாட்டினம்." மாமி மூன்று சீலையை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டார். மாமாவுக்கு உங்கள் பழைய கோட்டைப் போட்டு, அதன் பைகளில் குத்துவிளக்கைக் கழற்றிப் பகுதி பகுதியாகச் செருகினீர்கள். மத்தியான வெயிலில் மாமா நடக்க நடக்க கோயில் மணி போலக் கிணுகிணுத்தது. எனக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து கண் நிறைந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து நீங்கள் தோளில் தட்டினீர்கள்.

அந்தக் கோலத்தில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், நாங்கள் ஏறிப் போன வாடகை வான் காவலரணில் மறிபட்டது. அடையாள அட்டை எல்லாம் பார்த்து முடித்த ஆமிக்காரன் சாக்கைக் காட்டி, "மே மொகக்த?" என்றான், இது என்ன என்று. நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். அந்த நாட்களில் தமிழர் கையில் பாரமான சாக்கு என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் மட்டும் கப்பல் சரக்கைக் காட்டுகிற மாதிரி சாக்கை விரித்து, "மிரிஸ் கல, மஹத்தயா" என்றீர்கள். மிளகாய் அரைக்கிற கல் என்று அர்த்தம். அவன் தோளில் கிடந்த துவக்கால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டான். மலேசியாவுக்கு என்றீர்கள்.

"மலேசியாவே மிரிஸ் நெத்த?" மலேசியாவில் மிளகாய் இல்லையா என்று கேட்டான் அவன்.

கல்யாணம் என்று விளங்கப்படுத்த உங்களுக்குச் சிங்களம் காணாமல் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, நடு ரோட்டில் அம்மியை வைத்து, அதன் மேல் வலது காலைத் தூக்கி வைத்து, நாணத்தோடு தலையைக் குனிந்து காட்டினீர்கள். நான் மணப்பெண்ணாக அவ்வளவு நன்றாகத் தலை குனியவில்லை அத்தான். காவலரணில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பி வாழ்த்தினான். சாக்கை வானுக்குள் தூக்கி வைத்ததும் அவர்கள்தான்.

விமான நிலையத்தில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். தடுப்புக்கு வெளியே நின்றபடி, "அம்மியை முதல் வையுங்கோ! அம்மியை முதல்!" என்று கத்திக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்களுக்கு நேரம் வரவில்லை.

கோலாலம்பூரில் கோயில் மண்டபத்தைத் திறந்து காட்டிய மனிதர், மேடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். வரிசையாக மூன்று அம்மிகள். விருப்பமானதை எடுங்கள், வாடகை இல்லை என்றார். அங்கே எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதை உங்கள் திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை. மாமா கோட்டோடு அப்படியே தரையில் இருந்துவிட்டார். "செத்தாலும் நாங்கள் கொண்டு வந்த அம்மிதான்" என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். கல்யாணம் முடிந்ததும் அதை மண்டபத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வந்தோம். நீங்கள் ஒரு கிழமை எங்கள் ஒருவருடனும் கதைக்கவில்லை.

ஆனால் கல்யாணம் முடிந்தது அவ்வளவு லேசாக இல்லையே. முதல் நாள் வர வேண்டிய மாப்பிள்ளை வரவில்லை. அகதிப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விமான நிலையத்தில் எங்கேயோ இருத்தி வைத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. முகூர்த்தம் தொடங்கிவிட்டது. நான் சோடித்த பொம்மை மாதிரி இருந்தேன். அய்யர் மந்திரத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். அந்த நேரம் மண்டபத்துக்காரர் கணக்கு எழுதுகிற கந்தோரில் தொலைபேசி அடித்தது. சொன்னபடி நீங்கள் கூப்பிட்டீர்கள், கொழும்புக் காலி வீதியில் நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறுகிற கடையிலிருந்து. ஒரு நிமிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைப்பதாகத்தான் உங்கள் ஏற்பாடு.

மாமா எடுத்து, "தம்பி, மாப்பிள்ளை இன்னும் வரேல்லை" என்றார்.

அதற்கு நீங்கள் சொன்னதை மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டு இருந்தார். "வரட்டும் மாமா. நான் லைன்ல நிக்கிறன்."

ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு மாமா வந்துவிட்டார். முகூர்த்தம் முடியப் போகிற நேரத்தில், குளிர் நாட்டுக் கோட்டோடு, வியர்த்து வழிந்துகொண்டு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். கோட்டைக் கழற்றிச் சால்வையைப் போட்டு மணையில் இருத்தினார்கள். மாமாவும் மாமியும் தாரைவார்த்தார்கள். மேளம் முழங்கத் தாலி ஏறியது. எழும்பினதும் நான் மாலையோடு கந்தோருக்கு ஓடினேன். இவ்வளவு நேரம் யார் நிற்பார்கள் என்றுதான் ரிசீவரை எடுத்தேன்.

"அத்தான்?"

"ஓம் பிள்ளை. மேளம் கேட்டுது." பிறகு கணக்குக்குத் திரும்பினீர்கள். "இனி வையும். காசெல்லோ ஓடுது."

"நீங்கள் வையுங்கோ அத்தான்."

"ஓம், வைக்கிறன்."

நீங்கள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் பஸ் கொண்டக்டர் "கொட்டுவ, கொட்டுவ" என்று கோட்டைக்கு ஆள் கூப்பிடுவது கேட்டது. என் கல்யாணத்துக்கு எங்கள் வீதியே வந்து நின்ற மாதிரி இருந்தது. எவ்வளவு காசு ஆனது என்று நீங்கள் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு நீங்களே போய் வந்திருக்கலாம் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார், ஆள் இல்லாத சாய்மனைக் கதிரையைப் பார்த்து.

அன்றையில் இருந்து யாரோடு கதைத்தாலும் நான் முதலில் தொலைபேசியை வைப்பதில்லை அத்தான். மகள் பகிடி பண்ணுகிறாள். மற்றப் பக்கம் வைத்த பிறகுதான் என் காதிலிருந்து எடுப்பேன். உங்களோடு கதைக்கும்போது இரண்டு பேரும் வைக்காமல், "வையும்", "நீங்கள் வையுங்கோ" என்று இழுபட்டு, கடைசியில் அக்கா வந்து பறித்து வைப்பார். போன வருடம் ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்து கதைத்தபோதும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் முதலில் வைத்துவிட்டீர்கள்.

காசு ஓடாத போன் அத்தான் அது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.