சாம்பிக்கு அரை மாத்திரை

ஜூலை 17, சனி

விடிந்ததிலிருந்து மூடுபனி. துணி எதுவும் காயவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பூனையைக் கொண்டு வராமல் வந்தால் எப்படி என்றார் டாக்டர். கொண்டு வர முடிந்தால் நான் ஏன் தனியாக நிற்கப் போகிறேன். மூன்று வருஷமாகச் சோறு போடுகிறேன், ஒரு நாளும் தொடவிட்டதில்லை, கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால்தான் வாசம், தட்டை வைத்துவிட்டு நான் கதவைச் சாத்தினால்தான் வெளியே வரும் என்றேன். தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். வேறு பூனை கடித்தது. சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், நல்ல மனுஷர். காலை அரை மாத்திரை, சாயங்காலம் அரை. நடுவில் விட்டால் சீழ் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனமில்லை என்றார்.

ஒண்டிக்கடை பஜாரில் வாங்கியது: மாத்திரை, வெங்காயம், தீப்பெட்டி, ஈரல் கால் கிலோ. ஈரல் யாருக்கு என்று எங்கள் கடையிலிருந்த இவர் கேட்டார். சாம்பிக்கு என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வெறுங்கஞ்சிதானே புள்ள வெச்சே."

ஜூலை 18, ஞாயிறு

பாலில் கரைத்தது: முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.
கருவாட்டுக்குள் வைத்தது: கருவாடு உள்ளே, மாத்திரை தட்டோரத்தில்.
ஈரலைக் கீறி, பொடித்து உள்ளே வைத்தது: போனது! ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, என்ன கூத்தோ.

பசி இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். வேறு எங்கேயும் தின்னக் கிடைக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பழனியம்மாவிடமும் சொல்லி வைத்தேன், சோறு வைக்க வேண்டாம் என்று. தலையாட்டினாள்.

ஜூலை 19, திங்கள்

இரண்டு வேளையும் போனது. வீக்கம் வடிந்த மாதிரி இருக்கிறது. மாதிரிதான்.

இவர் பெருநாளுக்கு ஆடு பார்க்கக் குப்பனூருக்கு மலையிறங்கினார். மகன் போன் செய்தான். லீவு இல்லையாம், வர முடியாதாம். சரி கண்ணு என்றேன். வேறென்ன சொல்வது.

சாம்பிக்குப் பசி. கத்தவில்லை. விறகுக்கு நடுவிலிருந்து சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பூனை வேண்டும். தொடவிடாவிட்டால் போகட்டும், கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஜூலை 20, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. மாத்திரை இரண்டு வேளையும் போனது. கீழே மாரியம்மன் கோயிலில் மேளம். மசாலா இன்னும் அரைக்கவில்லை.

ஜூலை 21, புதன். பெருநாள்

காலை அரை, அவசரத்திலும் மறக்கவில்லை. தொழுகை முடிந்து வந்து அறுத்தார்கள். மூன்றாகப் பங்கு வைத்து, உட்கார நேரமில்லை. பழனியம்மா வீட்டுத் தூக்குதான் வருஷா வருஷம் முதலில் போகும். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சாம்பியின் தட்டில் ஈரல் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்தது.

ஜூலை 22, வியாழன்

காலையிலும் தொடவில்லை. விறகு அடுக்கில் ஆளே இல்லை. பழனியம்மாவிடம் பார்த்தாளா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களுக்குக் காப்புக் கட்டியிருக்குதுங்க பாயம்மா. கறிய ஊட்டுக்குள்ள வெக்க முடியாது. நீங்க ஆசையாக் கொண்டாந்தீங்க, வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது? கொல்லையில வெச்சேனுங்க, நாய் திங்கட்டுமுன்னு. உங்க பூனை வந்து நொம்ப நேரம் தின்னுச்சு."

மேளம் என் காதிலும்தான் விழுந்தது. காப்புக் கட்டினால் கவிச்சி ஆகாது என்று எனக்குத் தெரியாதா. தூக்கை நீட்டுமுன் ஒரு நிமிஷம் யோசித்தேனா. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாள். அவள் இடத்தில் நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

வயிறு நிறைந்து எங்கேயோ படுத்திருக்கிறது. மூன்று வேளை தவறிவிடும்.

ஜூலை 23, வெள்ளி

இல்லை. காப்பித் தோட்டத்து வேலியோரமாகக் கொட்டச்சேடு ரோட்டில் பாதி தூரம் போய்த் தேடினேன். செருப்பு அறுந்தது. எஸ்டேட் ரைட்டர், பசித்தால் தானே வரும் என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூலை 24, சனி

வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம் போலிருக்கிறது. வீக்கம் கழுத்து வரை. ஈரலை முகர்கிறது, வாய் திறக்கவில்லை. டாக்டரிடம் ஓடினேன். பிடித்து, கரைத்து ஊற்றிப் பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார்.

இவரும் நானும் சாக்கும் போர்வையுமாக வளைத்தோம். என் முன்கையில் நீளமாக மூன்று கோடு போட்டுவிட்டு ஓடிவிட்டது. இவர் மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"விடு புள்ள. நாம மருந்து குடுக்கறமுன்னு அதுக்குத் தெரியுமா? கொல்ல வர்றாங்கன்னுதான் நெனைக்கும்."

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். அவரும் சாப்பிடவில்லை.

ஜூலை 25, ஞாயிறு

ஒரு வாரம் கழித்து வெயில். எல்லாத் துணியையும் காயப்போட்டேன்.

சாம்பி விறகு அடுக்குக்கு முன்னால் படுத்திருந்தது. கிட்டே போனேன். நகரவில்லை. உட்கார்ந்தேன். முதுகில் கை வைத்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. கழுத்து வீக்கம் அப்படியேதான் இருந்தது. ரோமம் நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. மடியில் எடுத்து வைத்து, கரைத்த மருந்தை வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

இவர் கதவோரம் நின்று பார்த்தார். "பழகிருச்சே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்கால அரை மாத்திரையும் சுலபமாகப் போனது. தடுக்கவே இல்லை.