இல்லாத ஜன்னலுக்கு இரண்டு கதவு

பிப்ரவரி 3, 2025

நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுசில் வேண்டாத சாமான்களைக் கழித்தார்கள். சாய்பலகை அடித்த பச்சை ஜன்னல் கதவு ஒரு ஜோடி, பாண்டியில் பழைய வீடுகளில் இருக்குமே, அது. திறக்காது, மூடாது, ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் சுவரில் அடித்து வைக்கிற அழகுச் சாமான். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் மேனேஜர். ஆரோவில்லிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றி மரக்காணம் கொண்டுவந்து சேர்த்தேன்.

பிப்ரவரி 4

ஓரகத்தி ஞானாம்பாள் தன் வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் பக்கச் சுவருக்கு நேரெதிரே, நாலடி சந்துக்கு அந்தப்புறம் அவள் வாசல். "குப்பையில போட்டதெல்லாம் வூட்டுக்கு வருது." யாரிடமோ சொல்வது போல, என் காதில் விழும்படி. பதினாறு வருஷமாக இதே வாய். நான் வேலைக்குப் போனால் பேச்சு, புடவை வாங்கினால் பேச்சு.

பிப்ரவரி 9

ஆசாரி வந்து அளந்தார். முன்பக்க ஜன்னலுக்கு வலப்பக்கம் கரண்ட் மீட்டர் பெட்டி. ஒற்றைக் கதவு மட்டும் வைத்தால் ஒரு காது இல்லாத மாதிரி இருக்குமாம். பின்பக்கம் உப்பளம், அந்தக் காற்றுக்கு ஆணி ஆறு மாதம் தாங்காது. மிச்சம் இருப்பது ஞானாம்பாள் வாசலைப் பார்க்கும் சுவர்தான்.

அதில் ஜன்னலே கிடையாது. பாகம் பிரித்தபோதே எழுதிவிட்டார்கள்: சந்து அண்ணன் பங்கு, அந்தப் பக்கம் தம்பி ஜன்னல் திறக்கக் கூடாது. இன்றைக்கு ஜன்னல் வைத்தால் நாளைக்கு வழி கேட்போமாம். சரி, ஜன்னல்தானே கூடாது? பலகை அடிக்கக் கூடாது என்று எழுதவில்லையே!

பிப்ரவரி 10

அடித்தாகிவிட்டது. அவள் பிரம்மதேசம் போயிருந்த நேரம் பார்த்து. இரண்டு கதவையும் ஒட்ட வைத்து அடிக்கச் சொன்னேன். பார்த்தால் மூடி வைத்த ஜன்னல்.

பிப்ரவரி 11

மூத்தார் கலியபெருமாள், ஞானாம்பாள் புருஷன், வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்துகிற மனிதர் அல்ல. சுவரை எப்போது உடைத்தீர்கள் என்று மட்டும் இவரிடம் கேட்டிருக்கிறார். வெறும் பலகைதான் என்று சொல்லிவிடட்டுமா என்றார் இவர். சொல்லக் கூடாது என்றேன். நான் எந்நேரமும் பார்க்கிறேன் என்று நினைத்தே அவள் வெந்து சாகட்டும்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு நானே ஏன் பொய் எழுத வேண்டும்?

பிப்ரவரி 13

வாசலில் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சிரித்தேன்.

பிப்ரவரி 16

தினமும் விடியற்காலை இவர் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இருவரும் ஒரே வண்டியில் உப்பளம் போவார்கள். இன்று அண்ணன் முன்னாலேயே கிளம்பிவிட்டாராம். ஒரே அளத்தில் நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் உப்பு வாரியிருக்கிறார்கள். குத்தகை இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும்.

அதற்குள் சரியாகிவிடும். ஆகாதா?

பிப்ரவரி 23

பாகம் பிரித்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஊர்ப் பெரியவர் பாவாடையை மூத்தார் அழைத்து வந்தார். பாவாடை எங்கள் வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். முழுச் செங்கல். வெளியே போய்ச் சொன்னார். மூத்தார் உள்ளே வந்து பார்க்கவே மறுத்துவிட்டார்.

"இன்னிக்கி பலகை. நாளைக்கி உள்ள ஓட்டை போட்டா யாருக்குத் தெரியும்? ஏம்பா சிலம்பு, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து ஆணி புடிச்சிருப்பேன்."

இவரைப் பார்த்துத்தான் மூத்தார் சொன்னார். கழற்றிவிடு தாயி என்றார் பாவாடை. முடியாது, என் சுவர் என்றேன். ஞானாம்பாள் எதிரே நிற்கும்போது எப்படிச் சரி என்பது?

பிப்ரவரி 24

"உனக்கு கோவம் அவங்க மேலயா, என் மேலயா?" என்று இவர் கேட்டார். அவள் மேல்தான்.

அவள் மேல் மட்டும்தானா?

மார்ச் 12

மாசி மகம். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு வீடும் தனித்தனியாகக் கடலுக்குப் போனோம்.

மார்ச் 21

கழற்றிவிடலாம் என்று நானே சொன்னேன். வாய்விட்டுச் சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று எனக்கு. "இப்ப கழட்டி?" என்றார் இவர்.

மார்ச் 29

எதிரே கொத்தனார் வேலை. வாசல் நிலையைப் பெயர்த்துத் தெருப்பக்கம் வைத்துவிட்டார்கள். பழைய இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. இனி என் பச்சைக் கதவைப் பார்க்க ஆள் இல்லை.

ஏப்ரல் 7

குத்தகையை மூத்தார் தன் பெயரில் மட்டும் எழுதிக்கொண்டார். இவர் இன்றிலிருந்து அனுமந்தைப் பக்கம் வேறொருவர் அளத்தில் கூலிக்கு.

விடியற்காலை எழுந்து சந்துக்குள் போனார். பூசாத செங்கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். டீ போட்டேன். இத்தனை வருஷமும் இந்த நேரத்து டீ அவருக்கு ஞானாம்பாள் கையால்தான்; சண்டை வந்த பிறகு டீக்கடையில். சர்க்கரை எவ்வளவு என்று அவரிடமே கேட்க வேண்டியிருந்தது.